ஒரே பீடத்தின் முன் இரு அணிகள்



போர் என்பது இரு நாடுகளுக்கு இடையே நடப்பது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், மக்களின் மனம் ஒப்பாத போர் ஒரே நாட்டை, ஒரே வீட்டை, ஏன், ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுவோரையும் இரண்டாகப் பிளந்துவிடும். வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்கா இதற்குச் சான்று.

1964ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதிபர் ஜான்சனுக்குப் படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரம் தரும் தீர்மானம் வந்தபோது, கீழவையில் ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. மேலவையில் எதிர்த்தவர் இருவரே. நான்கே ஆண்டுகளில் அந்த ஒற்றுமை சிதறிப்போயிற்று. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வியட்நாம் மண்ணில் நின்றனர். இளைஞர்கள் கட்டாயமாகப் படைக்கு அழைக்கப்பட்டனர். கல்லூரி மாணவர்களுக்கு ஒத்திவைப்புச் சலுகை இருந்தமையால், உழைப்பாளிகளின் பிள்ளைகளே மிகுதியாகப் போர்முனைக்குச் சென்றனர். மகனைக் களத்துக்கு அனுப்பிவிட்டு உறங்காதிருந்த தந்தைக்கு, மாணவர்களின் எதிர்ப்பு ஊர்வலம் தன் மகனை இழிவுபடுத்துவதாகத் தோன்றியது. மாணவர்களுக்கோ, வாய்மூடி இருப்பதே பாவமெனப் பட்டது.

திருச்சபையின் பிள்ளைகளும் இப்பிளவுக்குத் தப்பவில்லை. 1954இல் கம்யூனிஸ்டு ஆட்சிக்கு அஞ்சி வட வியட்நாமை விட்டு இலட்சக்கணக்கான கத்தோலிக்கர் தெற்கே ஓடிவந்த துயரத்தைப் பலர் மறக்கவில்லை. நியூயார்க் பேராயர் கர்தினால் ஸ்பெல்மன், 1966ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை வியட்நாமில் வீரர்களோடு கொண்டாடி, இது நாகரிகத்தைக் காக்கும் போர் எனப் போற்றினார். 1968 மே 17ஆம் நாள் டேனியல் பெரிகன், பிலிப் பெரிகன் என்னும் குருக்களான சகோதரர் இருவர், வேறு எழுவரோடு, மேரிலாந்து மாநிலத்தின் கேட்டன்ஸ்வில் நகரில் படைச்சேர்ப்பு அலுவலகத்தின் கோப்புகளை வெளியே கொணர்ந்து எரித்தனர். பின்பு அங்கேயே நின்று செபித்தவாறு காவலருக்குக் காத்திருந்தனர், சிறையும் சென்றனர். இரு சாராரும் ஒரே திருப்பலியை நிறைவேற்றிய குருக்களே!

1970 மே 4ஆம் நாள் ஒகையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டதில் நான்கு மாணவர்கள் மாண்டனர். அவர்களுக்காகத் துக்கம் காத்து நியூயார்க்கில் ஊர்வலம் சென்ற மாணவர்களை, நான்கு நாட்களுக்குப் பின் கட்டடத் தொழிலாளர்கள் தாக்கினர். சுட்டவரும் சுடப்பட்டவரும், அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தாய்நாட்டு மக்கள்.

1971 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள், இப்போரால் எதிர்பார்க்கும் நன்மையைவிட, மனித உயிருக்கும் ஒழுக்க நெறிகளுக்கும் நேரும் அழிவே மிகுதி என்றும், அதை விரைந்து முடிப்பது அறக்கடமை என்றும் கூறினர். 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. அதற்குள் வியட்நாம் மக்களில் பல இலட்சம் பேர் மடிந்திருந்தனர். அமெரிக்க வீரர் பலரோ, வாழ்த்துவார் இன்றி வீடு திரும்பினர். போரின் மீதிருந்த கசப்பு, அதை வகுத்தவர்களைவிட, அனுப்பப்பட்ட இளைஞர்களின் தலையிலேயே விழுந்தது.

புண் ஆறத் தொடங்கியது எவ்வாறு? 1977இல் அதிபர் கார்ட்டர், படைச்சேர்ப்புக்கு உட்பட மறுத்தோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அதையும் பலர் ஏற்கவில்லை. 1982இல் வாஷிங்டனில் கருங்கற்சுவர் ஒன்று எழுந்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 58,000 வீரர்களின் பெயர்கள், பதவி வேறுபாடின்றி, அதில் பொறிக்கப்பட்டன. போர் சரியா தவறா என்று அச்சுவர் சொல்வதில்லை. அதன் பளபளப்பில் பார்ப்பவரின் முகமே பெயர்களுக்கு நடுவே தெரிகிறது. போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அங்கே அருகருகே நின்று அழுதனர்.

அநீதியான போரை எதிர்ப்பது குற்றமன்று. அது கடமையாகவும் இருக்கலாம். ஆனால் எதிர்க்கருத்து உடையவனைத் துரோகி என்றும், கொலைகாரன் என்றும் முத்திரையிடும்போது, நாமும் ஒரு போரைத் தொடங்கிவிடுகிறோம். நம் இல்லத்திலும் உணவு வேளையில் இத்தகைய விவாதங்கள் எழக்கூடும். மனச்சான்றின்படி பேசுவோம், மற்றவர் மனச்சான்றையும் மதித்துக் கேட்போம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவர், அவன் நம் கட்சியைச் சேர்ந்தவனா என்று கேட்கச் சொல்லவில்லை.