கோபமும் கோப்பும்

கோவை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்டு வந்த டெய்லர் ராஜா 2025 ஜூலையில் கர்நாடகத்தில் பிடிபட்டார். செய்தியைப் படித்த என் நண்பர்கள் சிலர், "பரவாயில்லையே, விடாமல் தேடிப் பிடித்துவிட்டார்களே" என்று மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. ஒரு ஆளைப் பிடிக்க 27 ஆண்டுகள் ஆயின என்பதுதான் அந்தச் செய்தி. அதைப் பாராட்டுப் பத்திரமாக வாசிக்கும் அளவுக்கு நம் கோபம் ஆறிப் போயிருக்கிறது.

அன்று கோபம் இருந்தது, நண்பர்களே. 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. அத்வானி பேச இருந்த தேர்தல் கூட்டத்தை ஒட்டி ஆர்.எஸ்.புரம், காந்திபுரம், ரயில் நிலையம், அரசு மருத்துவமனை என்று வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். இங்கே அம்மாபேட்டையில் பாதி வீட்டுக்குக் கோவையில் சொந்தம் உண்டு. மில் வேலைக்குப் போனவர்கள், பெண் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். எஸ்.டி.டி. பூத் முன்னால் இரவு வரை வரிசை நின்றது. "யார் விட்டார்கள்? எப்படி விட்டார்கள்?" என்பதே எல்லார் வாயிலும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்று வரை நேரான பதில் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

குண்டுகள் வானத்திலிருந்து விழவில்லை. 1993 ஆகஸ்டில் சென்னை ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்து 11 பேர் இறந்தபோதே அல்-உம்மாவின் பெயர் அடிபட்டது. 1997 நவம்பர் 29 அன்று கோவையில் ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் காவலர்களே வேலையை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் குடும்பங்களும் போராட்டத்தில் இறங்கின. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. சட்டத்தைக் காக்க வேண்டிய காக்கிச் சட்டையே கோபப்பட்டால் என்ன ஆகும் என்று ஊரே பார்த்தது.

நவம்பர் 29 முதல் பிப்ரவரி 14 வரை எண்ணிப் பாருங்கள். 77 நாட்கள். ஒரு நகரம் கொதித்துக் கிடக்கிறது, பழிக்குப் பழி என்ற பேச்சு சந்து பொந்தெல்லாம் நடக்கிறது, நாடாளுமன்றத் தேர்தல் வேறு வருகிறது. அத்தனை குண்டுகளைச் செய்து, சேர்த்து, ஊர் முழுக்கக் கொண்டு போய் வைக்க முடிந்திருக்கிறது. அரசின் கண் எங்கே இருந்தது? குண்டு வெடித்த உடனேயே அல்-உம்மாவுக்குத் தடை ஆணை வந்தது. அதன் தலைவர் பாஷாவைக் கைது செய்தார்கள். சாவு விழுந்த பிறகு இத்தனை வேகமாக ஓடிய கோப்பு, சாவு விழுமுன் ஏன் நகரவில்லை?

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். அங்கே ஒரு தபால் வந்தால் எண் போட வேண்டும், தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இத்தனை நாளுக்குள் குறிப்பு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நிலுவைப் பட்டியலில் நம் பெயர் வரும். எனக்குத் தெரிந்த ஓர் இளநிலை உதவியாளர் ஒரு மனுவை நாலு மாதம் மேசையில் வைத்திருந்ததற்காக 17(பி) சார்ஜ் மெமோ வாங்கினார். இன்கிரிமென்ட்டும் போயிற்று. அது வெறும் பட்டா மனு. யார் உயிரும் போகவில்லை. 58 உயிர் போன விஷயத்தில், எச்சரிக்கையை யார் மேசையில் யார் எத்தனை நாள் வைத்திருந்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

எனக்குப் பள்ளிப் படிப்பு புதுவையில், பிரெஞ்சு வழியில். அந்தப் பழக்கத்தில் இன்றும் பிரெஞ்சு செய்திகளைப் படிப்பதுண்டு. எயிட்ஸ் கிருமி கலந்த ரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றிய விவகாரத்தில், ஜார்ஜினா துஃபுவா என்ற முன்னாள் அமைச்சர் 1991ல் தொலைக்காட்சியில் ஒரு விளக்கம் சொன்னார். அது சுருங்கி அந்த நாட்டில் பழமொழி போல ஆகிவிட்டது: பொறுப்பு உண்டு, குற்றம் இல்லை. அதைச் சொல்லிக் காட்டி மக்கள் இன்றும் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்கிறார்கள். நம் ஊரில் அந்த அளவு கூடக் கிடையாது. பொறுப்பும் இல்லை, குற்றமும் இல்லை, இரங்கல் மட்டும் உண்டு.

மும்பையில் 2008 நவம்பரில் 166 பேர் பலியானபோதாவது ராஜினாமா செய்தார்களே என்பீர்கள். மத்திய உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் விலகினார். 2010ல் பஞ்சாப் ஆளுநர் ஆனார். முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக் விலகினார். 2009ல் மத்திய அமைச்சர் ஆனார். பெரிய நகரங்களில் இப்படிச் சின்னச் சம்பவங்கள் நடப்பதுதான் என்று திருவாய் மலர்ந்த ஆர்.ஆர்.பாட்டீல் விலகினார், ஒரு வருஷத்தில் அதே உள்துறைக்குத் திரும்பி வந்தார். இதற்குப் பெயர் ராஜினாமா அல்ல, டிரான்ஸ்ஃபர். அதுவும் பிரமோஷனோடு. காவல்துறை எங்கே சறுக்கியது என்று ஆராய்ந்த ராம் பிரதான் குழுவின் அறிக்கையோ, பத்திரிகைகளில் கசிந்த பிறகுதான் சட்டமன்றத்துக்கு முழுதாக வந்தது.

நம் கோபத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1998 தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் 30ஐ அ.தி.மு.க. - பா.ஜ.க. அணிக்குத் தூக்கிக் கொடுத்தோம். அதில் குண்டுவெடிப்புக் கோபத்துக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஒரே மேடையில் கை கோத்து நின்றன. முந்தின வருஷம் ஒருவரை ஒருவர் கேட்ட கேள்வியை அதன் பிறகு யார் யாரைக் கேட்பது? நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையத்தின் அறிக்கை 2000ல் சட்டமன்றத்துக்கு வந்தது. அதற்குள் ஜனங்கள் வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள்.

கோபத்துக்கு இன்னொரு கெட்ட புத்தியும் உண்டு. கையில் கிடைத்தவனை அடிக்கும். டீக்கடையில் "அவனுங்களை எல்லாம்..." என்று ஆரம்பிப்பவர்களைக் கேட்கிறேன்: 1997ல் கடையை இழந்த வியாபாரி என்ன குண்டா செய்தார்? இந்த வழக்கில் 1998 மார்ச்சில் கைதான மதானி 2007 ஆகஸ்டில் நிரபராதி என்று விடுதலை ஆனார். ஒன்பது வருஷத்துக்கு மேல் சிறை. அதே வழக்கில் 158 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை, செய்யாதவனுக்கு விடுதலை. இரண்டையும் சொல்ல நீதிமன்றத்துக்கு இத்தனை காலம் பிடித்ததும் அரசு தவறியதில்தான் சேரும்.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடிகாலை, உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. உள்ளே இருந்து செத்த ஜமேஷா முபின், 2019லேயே என்.ஐ.ஏ. விசாரித்து அனுப்பிய ஆள். அதாவது கோப்பு இருந்தது, பெயர் இருந்தது, முகவரி இருந்தது. கூட்டம் சேராத நேரம், ஊர் பிழைத்தது. ஈஸ்வரன் காப்பாற்றினான் என்று நானும் கும்பிடுகிறேன். ஆனால் அரசுச் சம்பளம் ஈஸ்வரனுக்குப் போகவில்லையே!

2015 நவம்பரில் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்நாட்டு நாடாளுமன்றக் குழு அதிகாரிகளையும் அமைச்சர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. உளவுத்துறைகள் எங்கே தவறின என்று 2016 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. யாரும் வாங்கிப் படிக்கலாம். நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு தாள் போதும். ஒவ்வொரு பிப்ரவரி 14 அன்றும் அரசு அதைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். முதல் பத்தியில் ஆணையம் சொன்ன பரிந்துரை. இரண்டாவதில் அது நிறைவேறிய தேதி. மூன்றாவதில், நிறைவேறாவிட்டால் யாரிடம் நிலுவை என்பது. எந்த தாலுகா ஆபீஸ் கிளார்க்கும் அரை நாளில் போட்டுக் கொடுப்பார்.

மெழுகுவர்த்தி ஏற்றுவதும் மாலை போடுவதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றிவிட்டு, அந்த வெளிச்சத்தில் மூன்றாவது பத்தியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.