சாலைவாரியாகச் செயல்பாட்டு அறிக்கை வெளியிடக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்கள், விருதுநகர்.



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களின் சங்கம் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

உரிய அலுவலகத்துக்கு முன்பு கொடுத்த மனுக்களில் கேட்டதையே மீண்டும் கேட்கிறோம். எங்கள் சாலைகள் ஒவ்வொன்றும் சாலை மரணங்களைக் குறைக்கும் இலக்கை எட்டியதா, இல்லையா? 'பணிகள் நடைபெற்று வருகின்றன' என்பதே கிடைத்த பதில். எத்தனை கிலோமீட்டர் தார் போட்டார்கள், எவ்வளவு செலவானது என்பதை நாங்கள் கேட்கவில்லை.

2030-க்குள் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் இலக்கை உலக நாடுகளோடு இந்தியாவும் ஏற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் 17,884 பேரும், 2023-இல் 18,347 பேரும் சாலையில் மாண்டனர். கூடிக்கொண்டிருக்கும் இந்தக் கணக்கில் சாத்தூர்–சிவகாசி சாலையின் பங்கு என்ன, வெம்பக்கோட்டைச் சாலையின் பங்கு என்ன என்பது தெரியாமல் எந்த வளைவைச் சீர்செய்வது, யாரைப் பொறுப்பாக்குவது?

எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆலையில் தீப்பட்டவரை முதலில் சிவகாசி அரசு மருத்துவமனைக்கும், காயம் கடுமையானால் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் கொண்டு போகிறோம். பலத்த காயம்பட்ட பின் வரும் ஒரு மணி நேரத்தை 'பொன்னான நேரம்' என்று மோட்டார் வாகனச் சட்டமே 2019 திருத்தத்தில் வரையறுத்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ரயில்வே கேட்டில் எத்தனை நிமிடம் போகிறது, குண்டும் குழியுமான சாலையில் எத்தனை நிமிடம் போகிறது என்று யாராவது அளந்ததுண்டா?

நாங்கள் சலுகை கேட்கவில்லை. எஸ்.ராஜசீகரன் வழக்கில் 30.11.2017 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைத்து, அது காலமுறைப்படி கூடி ஆராய வேண்டும் என உத்தரவிட்டது. சாலைவாரிக் கணக்கு இல்லாமல் குழு எதை ஆராயும்? ஆகவே ஒவ்வொரு சாலைக்கும் ஆண்டு மரணங்கள், 108 ஆம்புலன்சின் பகல், இரவுப் பயண நேரம், கேட் மூடியிருந்த நேரம், பள்ளம் புகாரான நாள், அடைத்த நாள் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். இலக்கை எட்டாத சாலைக்குப் பொறுப்பு அலுவலரின் பதவியையும், திருத்தும் காலக்கெடுவையும் அதில் குறிப்பிட வேண்டும்.

  

அறிக்கை குறித்த கோரிக்கையை அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, முடிவை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்