முதல் வலிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

‘சைபர்பங்க் 2077’ என்ற வீடியோ கேம் 2020 டிசம்பரில் வெளியானது. அதற்குச் சில நாட்கள் முன்பு, விமர்சனம் எழுதுவதற்காக அதை விளையாடிய அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவருக்குக் கடும் வலிப்பு ஏற்பட்டது. கதாபாத்திரம் தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டதும் சிவப்பு, வெள்ளை விளக்குகள் அதிவேகமாக மின்னும் காட்சி அதில் உண்டு. நரம்பியல் மருத்துவர்கள் சோதனைக்காக வலிப்பைத் தூண்டும் ஒளிக்கருவியை அது ஒத்திருந்ததாக அவர் எழுதினார். எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. படிக்காமலேயே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திக் கடந்துவிடும் உரிம ஒப்பந்தத்துக்குள்! கேமை உருவாக்கிய போலந்து நிறுவனம் தனி எச்சரிக்கையைச் சேர்த்தது. வெளியான சில நாட்களுக்குள் அந்த ஒளியின் தீவிரத்தையும் குறைத்தது. முன்பே செய்திருக்கக்கூடிய திருத்தம்தான் அது.

மின்னும் ஒளியைக் குறைத்துக்கொள்ளும் வசதி இன்று பல கேம்களின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால், பெரும்பாலும் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டியவர் தேடிப்பிடித்து இயக்கிக்கொள்ள வேண்டும். என் ஆட்சேபம் இதில்தான். தனக்கு ஆபத்து உண்டு என்று அறிந்தவர்தானே அதைத் தேடுவார்? வலிப்பு நோயாளிகளில் 100-க்கு ஏறத்தாழ 3 பேருக்கு ஒளியால் வலிப்பு தூண்டப்படுகிறது. சிறார், பதின்பருவத்தினரிடம் இது அதிகம். முதல் வலிப்பு வரும்வரை அவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான ‘போக்கிமான்’ அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறிமாறி மின்னின. ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பாலோர் சிறார். வலிப்பு கண்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை. தொடர் நான்கு மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. தொலைக்காட்சிகளுக்கு நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. பார்வையாளரிடம் பொறுப்பை ஒப்படைக்காமல், ஒளிபரப்பும் காட்சியையே திருத்தும் வழி அது.

கேமில் திரையில் தோன்றுவதை விளையாடுபவரின் செயலே தீர்மானிக்கிறது. எனவே, ஒவ்வொரு நொடியையும் முன்கூட்டிச் சோதிக்க முடியாது என்பார்கள். ஓரளவு நியாயம்தான். எனினும், வெடிப்பின் ஒளியும் கதைக்காட்சிகளும் திட்டமிட்டு வடிவமைக்கப்படுபவையே. அவற்றைச் சோதிக்கும் ‘ஐரிஸ்’ என்ற மென்பொருளை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுவதைத் தவிர்க்கச் சொல்லும் இணையதள வழிகாட்டுநெறியும் கைவசம் இருக்கிறது.

இந்த வசதியை இயக்கினால் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. இருட்டறையில், பெரிய திரைக்கு மிக அருகே, தூக்கம் கெட்டு அமர்ந்திருப்பவருக்கு ஆபத்து கூடுதல்தான்.

குறைந்த ஒளியையே இயல்புநிலையாக வைத்து, கேமை முதன்முறை திறக்கும்போதே அதைப் பற்றித் தெளிவாகச் சொல்லட்டும். முழு வீச்சில் மின்னும் காட்சிகள் வேண்டும் என்பவர், செட்டிங்ஸுக்குள் சென்று அதை இயக்கிக்கொள்ளட்டும்.