கடனோடு கடன் சேர்ந்தால் போட்டி பிறக்குமா?

வோடஃபோன் ஐடியாவில் ஒன்றிய அரசுக்கு 48.99 சதவீதப் பங்கு இருக்கிறது, அந்நிறுவனத்தை பி.எஸ்.என்.எல்.லோடு இணைத்துவிட்டால் ஜியோவுக்குச் சரியான எதிரி கிடைத்துவிடுவான் என்றொரு வாதம் காஞ்சிரங்குளம் பகுதித் தோழர்களிடையேயும் கேட்கிறது. நல்ல நோக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் இவ்வாதம் தவறானது.

இணைப்பு என்னும் மருந்து ஏற்கெனவே கொடுத்துப் பார்க்கப்பட்டதுதான். 2016 செப்டம்பர் 5 அன்று களமிறங்கிய ஜியோ, அடுத்த ஆண்டு மார்ச் வரை சேவையை இலவசமாகவே வழங்கியது. பெட்ரோலிய லாபத்தைப் பின்புலமாகக் கொண்ட குழுமத்தால் அது முடிந்தது. அஞ்சிப்போன வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31இல் ஒன்றாயின. அன்று 40 கோடி வாடிக்கையாளர்களோடு நாட்டின் மிகப்பெரிய செல்பேசி நிறுவனம் அதுவே. இன்று அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் மிச்சம். வாடிக்கையாளர் எண்ணிக்கையைக் கூட்டினால் வலிமை கூடும் என்று கணக்கிட்டார்கள், கூடியது கடன். 2019 அக்டோபரில் வருவாய்ப் பங்கு நிலுவை குறித்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும், ஒரே காலாண்டில் 50,922 கோடி ரூபாய் நட்டம் காட்டப்பட்டது.

2021 ஜூனில் குமாரமங்கலம் பிர்லா ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். தம் பங்கைப் பொதுத்துறை நிறுவனத்திடமே ஒப்படைக்கத் தயார் என்றார்! லாபம் வந்த காலத்தில் அவருக்குப் பொதுத்துறையின் நினைவு வந்ததாகத் தெரியவில்லை. வரவேண்டிய நிலுவைக்கு ஈடாக 2023இல் 16,133 கோடிக்கும், 2025இல் 36,950 கோடிக்கும் அரசு பங்குகளை ஏற்றது. நிர்வாகமோ பழைய முதலாளிகளிடமே இருக்கிறது.

ஏர்செல் கதை இன்னும் கொடியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையும் திட்டம் 2017 அக்டோபரில் முறிந்தது. சில மாதங்களில் ஏர்செல் திவாலானது. களியக்காவிளைக்கு அப்பால் நம் உறவினர்கள் தங்கள் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள அலைந்ததை மறந்திருக்க மாட்டோம்.

பி.எஸ்.என்.எல். நலிந்தது சிறிய நிறுவனம் என்பதால் அன்று. அதன் கைகள் கட்டப்பட்டதால். பாறசாலையில் நின்று பேசினால் தமிழ்நாட்டுக் கோபுரம் இழுத்துக்கொள்ள, வந்த அழைப்புக்கும் காசு போன காலம் ஒன்று இருந்தது. 2015 ஜூனில் நாடு முழுவதும் அக்கட்டணத்தை முதலில் நீக்கியது பொதுத்துறைதான். அந்த நிறுவனத்துக்கு 2019 அக்டோபரில் அறிவித்த மறுசீரமைப்புத் திட்டத்தில் மூன்று உறுதிகள் இருந்தன: விருப்ப ஓய்வு, எம்.டி.என்.எல். இணைப்பு, 4ஜி அலைக்கற்றை. உடனே நிறைவேறியது முதலாவது மட்டுமே. 2020 ஜனவரி 31 அன்று 78,569 ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினர். 4ஜி கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி அவ்வாண்டே ரத்தாயிற்று. நாடு தழுவிய 4ஜி தொடங்கப்பட்டது 2025 செப்டம்பர் 27இல், ஜியோ வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்.

இடையில் 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது லட்சக்கணக்கான மக்கள் தாமாகவே பி.எஸ்.என்.எல். பக்கம் திரும்பினார்கள். எந்த இணைப்பும் அவர்களை அழைத்து வரவில்லை. வந்தவர்களில் பலர் வேகமான இணையம் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

இந்நிலையில் வோடஃபோன் ஐடியாவின் கடன் மலையைப் பி.எஸ்.என்.எல். தலையில் ஏற்றுவது ஜியோ, ஏர்டெல் இருவருக்கும் செய்யும் உபகாரமாகவே முடியும். எம்.டி.என்.எல்.லின் 30,000 கோடிக்கும் மேற்பட்ட கடனைக்கூட ஒன்றிய அரசே ஏற்க வேண்டும் என்பதே நியாயம். வோடஃபோன் ஐடியாவில் மக்கள் பணத்துக்கு ஈடாகப் பெற்ற 48.99 சதவீதத்துக்கு நிர்வாக அதிகாரம் எங்கே என்று கேட்போம். பி.எஸ்.என்.எல்.லுக்கு 5ஜி, காலிப் பணியிடங்களில் நிரந்தர நியமனம், கருவி வாங்குவதில் சுதந்திரம்: இவையே நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள். கேரளம் கே-ஃபோன் மூலம் சொந்தக் கண்ணாடி இழை வலையமைப்பை 2023 ஜூனில் தொடங்கியபோது எந்த நொடித்த முதலாளியையும் கூட்டுச் சேர்க்கவில்லை.