கண்ணுக்குத் தெரியாத தூசு



கடற்காற்று வீசும் புதுவையில் காற்று மாசைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. அங்கே உலவி வருவோருக்கு ஊர் முழுவதுமே அவ்வாறென்று தோன்றிவிடுகிறது. நேரு வீதியில் ஐந்து நிமிடம் நின்றால் அம்மயக்கம் தெளியும். ஆயினும் மூக்கறியும் புகையினும் கொடியது கண்ணறியாத நுண்துகள். 2.5 மைக்ரானுக்கு மேற்படாத அது, தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கே. நுரையீரலின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கிறது.

காணாததற்கு யார் அஞ்சுவார்? ஆகவே அதைக் காட்ட முயன்றோர் உண்டு. 2018 நவம்பரில் தில்லி சர் கங்காராம் மருத்துவமனையில், வெண்ணிற வடிகட்டிகளால் அமைந்த பெரிய நுரையீரல் உருவமொன்றை நிறுத்தினர். ஒரு வாரத்திற்குள் அது கறுத்துவிட்டது!

2019 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு வேறொரு வழி கண்டது. கைப்பேசிக் கேமரா காட்டும் நம் அறையின்மேல், மாசு மிகுந்த நகரங்களின் துகள்கள் மிதப்பதுபோல் பொருத்திக் காட்டியது. இதனை 'மிகைமெய்' என்கின்றனர். நல்ல உத்தியே. எனினும் நமக்கொரு குறை: அங்கே மிதப்பது அவ்வறையின் தூசு அன்று, கணக்கிட்டு வரைந்த புள்ளிகள். பிள்ளைகள் வியந்துவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவர்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்து பிரான்சிஸ் போப்பும் கலைஞர் ராபின் பிரைசும் செய்ததே நம்மை ஈர்த்தது. கருவி அவ்விடத்துத் துகளை அளக்க, அளவுக்கேற்ப விளக்குகள் மின்னுகின்றன. நெடுநேரம் திறந்திருக்கும் கேமரா அவற்றை ஒளிப்புள்ளிகளாகப் பதிக்கிறது. தில்லியிலும், 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலம்பூரிலும் சிறுவர் விளையாடும் இடங்களைப் படமெடுத்தனர். தில்லியின் துகளளவு 12 மடங்குக்கும் மேல்! படத்தில் அது பொய் சொல்ல இயலாது.

நம் ஊரில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் ஜவகர் நகரில் தானியங்கி நிலையம் வைத்து அளக்கிறது. ஒரு நாள் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம்; உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்ததோ 15. ஆனால் ஜவகர் நகரின் எண், பள்ளி வாசலின் நிலையைக் கூறாது. அங்கே பெற்றோர் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்க, சின்னஞ்சிறு முகங்கள் புகைக்குழாயின் அருகே கடந்து செல்கின்றன.

அளவுமானி இன்று எளிதிற் கிடைக்கிறது. விளக்கு வரிசை அமைக்கவல்ல இளைஞர் நம் பங்குகளில் இல்லாமற் போகார். ஒளிப்படம் இருளில்தான் எடுபடும். ஆகவே டயர் எரியும் போகி விடியலில் முதற்படம் எடுக்கலாம். பள்ளி வாசலுக்கு ஒரு கரும்பலகை போதும்: எஞ்சின் ஓடுகையில் ஓர் எண், அணைத்தபின் ஓர் எண்.