கேம்பிங், டர்ட் பைக், எந்த வண்டி? ஒரு டாக்டரின் பதில்

1/
"டாக்டர், லீவு நாள்ல கேம்பிங் போகணும். டர்ட் பைக்கையும் ஏத்திட்டுப் போகணும். எந்த வண்டி வாங்கலாம்?"

கேட்ட தம்பிக்கு காலர் எலும்பு முறிவு. கை இன்னும் ஸ்லிங்கில்தான் தொங்குது. எலும்பு கூடுறதுக்குள்ள அடுத்த பயணத்துக்கு வண்டி பார்க்க ஆரம்பிச்சாச்சு.

வண்டி விஷயத்தை டாக்டர்கிட்ட கேட்கலாமா? தாராளமா கேட்கலாம். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/
இந்தக் கேள்விக்கு எல்லோரும் இன்ஜின் பவர், ஃபோர் வீல் டிரைவ், கிரவுண்ட் கிளியரன்ஸ்னு பேசுவாங்க. அதெல்லாம் தேவைதான். ஆனா நான் மூணே கேள்விதான் கேட்பேன்.

பைக்கும் ஆளும் சாமானும் சேர்ந்த எடையை அந்த வண்டி தாங்குமா?
ராத்திரி நீங்க எங்கே தூங்குவீங்க? பெட்ரோல் எங்கே இருக்கும்?
நீங்க விழுந்து அடிபட்டா, திரும்பி வர யார் ஓட்டுவாங்க?

போகும்போது எடுக்கிற போட்டோவுக்காக வண்டி வாங்காதீங்க. அடிபட்டுத் திரும்பி வர்ற ராத்திரியை யோசிச்சு வாங்குங்க. என் கருத்து இவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்.

3/
முதல்ல, உங்க பைக்குக்கு நம்பர் பிளேட் இருக்கா?

எக்ஸ்பல்ஸ் மாதிரி ஆர்டிஓ பதிவுள்ள வண்டின்னா ரோட்டிலேயே ஓட்டிட்டுப் போயிடலாம். குடும்பம் காரில், நீங்க பைக்கில். ஏத்தி இறக்குற வேலையே இல்ல.

மோட்டோகிராஸ் பந்தயத்துக்குன்னே செய்யும் பைக் வேற ரகம். ஹெட்லைட், இண்டிகேட்டர், பதிவு எதுவும் கிடையாது. பொதுச் சாலையில் ஓட்டவே கூடாது. அதை ஏத்தித்தான் கொண்டு போகணும். இனி வரும் பதிவெல்லாம் இவங்களுக்குத்தான்.

4/
நீளக் கணக்கு.

ஒரு முழு அளவு டர்ட் பைக் ஏறக்குறைய 2.2 மீட்டர் நீளம். நாலு கதவு வெச்ச டபுள் கேப் பிக்கப்போட தொட்டி சுமார் 1.5 மீட்டர்தான். பின்கதவைத் திறந்து தொங்கவிட்டாத்தான் பைக் நிற்கும். குறுக்கா சாய்த்து வெச்சாலும் இடம் இழுபறிதான்.

நம்ம ஊர் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், தொட்டியே சுமார் 2.2 மீட்டர். பைக் அளவெடுத்த மாதிரி நிற்கும். ஷோரூமில் பல லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியில் ஏறாதது, தெருமுனை ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் ஏறிடுது!

5/
எடைக் கணக்கு. பேப்பர் எடுத்து எழுதிப் பாருங்க.

பந்தய டர்ட் பைக்: 110 கிலோ
ரெண்டு பெரியவங்க: 140
தண்ணீர் 40 லிட்டர்: 40
டென்ட், மெத்தை: 25
ஹெல்மெட், பூட்ஸ், கார்டுகள், டூல்ஸ்: 30
அடுப்பு, பாத்திரம், ஐஸ் பெட்டி: 25
ரேம்ப், பெல்ட், பெட்ரோல் கேன்: 25

மொத்தம் 395 கிலோ. இதுல பசங்க ரெண்டு பேரைச் சேர்த்தா 450ஐத் தாண்டும். "ஒரு பைக்தானே டாக்டர்"னு சொல்றவங்க கவனிங்க. பைக் இதுல கால்வாசிதான்.

6/
வண்டி எவ்வளவு தாங்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? சேல்ஸ்மேன் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஆர்சி புக்கிலும் கம்பெனி அடிச்ச தகட்டிலும் பாருங்க. சுமையோட சேர்ந்த மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழிங்க. மிச்சம்தான் உங்களுக்கான இடம். ஓட்டுநரோட எடையும் இதுக்குள்ளதான் வரணும்.

கழிச்சுப் பார்த்தா சிலருக்கு அதிர்ச்சியா இருக்கும். சொந்தப் பயன்பாட்டுக்கு வரும் ஆடம்பர டபுள் கேப் பிக்கப் சிலது, குட்டி யானை தாங்கும் எடையைக்கூடத் தாங்காது. தோற்றம் யானை மாதிரி இருந்தாலும் கணக்கு வேற.

7/
எடை கூடினா என்ன ஆகும்?

பிரேக் பிடிச்சு நிற்கிற தூரம் கூடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பினா சூடேறி பிடி விட்டுடும். பாரம் பின்சக்கரத்துக்கும் பின்னாடி போச்சுன்னா முன்சக்கரத்தோட பிடி குறைஞ்சு, ஸ்டியரிங் லேசாகிடும். கார் பின்னாடி கம்பி ஸ்டாண்ட் மாட்டி பைக்கைத் தொங்கவிடுறது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

சட்டமும் இருக்கு. 2019ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி அளவுக்கு மீறின எடைக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலா ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அனுமதிச்ச அளவுக்கு மேல சரக்கு வெளியே நீட்டிட்டு இருந்தாலும் 20,000. பின்கதவைத் திறந்து சக்கரத்தை நீட்டிட்டுப் போறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க.

8/
அடுத்தது வேன்.

"ஈகோ மாதிரி ஒரு வேன் வாங்கி, பின்சீட்டைக் கழட்டிட்டு, பைக்கை உள்ளே நிறுத்தி, பக்கத்துல மெத்தை போட்டுப் படுத்துக்கலாமே?" வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்கிற கேள்வி இது.

பார்க்க அழகுதான். ஆனா ஒரு டாக்டரா எனக்கு அதிகம் பயம் தர்றது இந்த ஏற்பாடுதான். காரணம் மூணு.

9/
காரணம் ஒண்ணு: மோதல்.

கடுமையான மோதலில் வண்டிக்குள்ள இருக்கிற பொருள் மேல புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசை வரலாம். 110 கிலோ பைக் அந்தக் கணத்துல 2 டன்னுக்கு மேல கனமா முன்னாடி பாயும். முன்னாடி இருக்கிறது உங்க முதுகெலும்பு, உங்க பிள்ளையோட தலை. சாதா நைலான் கயிறு அதைத் தடுக்காது.

நீங்க சீட் பெல்ட் போட்டிருக்கீங்க. பைக் போட்டிருக்கா?

10/
காரணம் ரெண்டு: பெட்ரோல் ஆவி.

டர்ட் பைக் டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னக் குழாய் உண்டு. கார்புரேட்டர் பைக் சாய்ஞ்சா பெட்ரோல் ஒழுகும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாம தரையில் தங்கும். தரையில்தான் உங்க மெத்தை. மூடின வேனில் இதைச் சுவாசிச்சா தலைவலி, குமட்டல், மயக்கம் வரும்.

காலையில் எழுந்ததும் டீ போட அடுப்பைப் பத்த வெச்சா? மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்ல.

11/
காரணம் மூணு: கார்பன் மோனாக்சைடு. இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுப்பீங்கன்னா இதை வெச்சுக்கோங்க.

இன்ஜின், ஜெனரேட்டர், கரி அடுப்பு, எது எரிஞ்சாலும் இந்த வாயு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோட, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். விழிச்சிருக்கிறவருக்குத் தலைவலி, தலைசுத்தல், வாந்தி வரும். தூங்குறவருக்கு அதுகூடத் தெரியாது. தூக்கத்துலேயே முடிஞ்சிடும்.

12/
2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம்னு ஆய்வுல தெரிய வந்தது.

அது தூங்குறதுக்குன்னே செஞ்ச வண்டி. நாமே சீட்டைக் கழட்டிச் செய்யிற வேன் எம்மாத்திரம்?

இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீங்க. குளிருதுன்னு கரி அடுப்பை டென்ட்டுக்குள்ளேயோ வண்டிக்குள்ளேயோ கொண்டு போகாதீங்க. அணைஞ்ச மாதிரி தெரியுற கங்குகூட இந்த வாயுவை விடும்.

13/
"கொரோனா டைம்ல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கே, விரல்ல மாட்டிப் பார்த்துக்கலாமே?"

வேண்டாம். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு, ஆக்சிஜன் ஏறின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. உயிர் போயிட்டு இருக்கும்போதும் 98, 99னு காட்டும்.

செய்ய வேண்டியது: ஆளை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாங்க. 108ஐக் கூப்பிடுங்க. என்ன எரிஞ்சுட்டு இருந்ததுன்னு தெளிவா சொல்லுங்க. சிகிச்சை ஆக்சிஜன்தான், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கூடவே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கிக்கோங்க. வண்டிக்கு மாட்டுற ஸ்டிக்கர் செலவை அதுக்குத் திருப்புங்க.

14/
ஆக, தூங்குற இடமும் பெட்ரோலும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது.

பைக் திறந்த தொட்டியில், ஆள் தரையில் டென்ட்டில். இதுதான் என் ஓட்டு. கார் கூரை மேல விரிக்கிற டென்ட்டும் நல்லதுதான். ஆனா வண்டி ஓடும்போது கூரை எவ்வளவு தாங்கும்னு கம்பெனி புத்தகத்துல பாருங்க. பல கார்களில் அது 100 கிலோவுக்கும் கீழதான். அப்புறம், ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல ஏணியில் இறங்கப் போறது அப்பாவா, தாத்தாவான்னும் யோசிச்சுக்கோங்க.

15/
இப்போ மூணாவது கேள்வி. யாரும் கேட்காத கேள்வி.

டர்ட் பைக் ஓட்டினா விழுவீங்க. அது விளையாட்டோட பகுதி. காலர் எலும்பு, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் வழக்கமான காயங்கள். இடது கணுக்கால் போச்சுன்னா கிளட்ச் மிதிக்க முடியாது. வலது மணிக்கட்டு போச்சுன்னா ஸ்டியரிங் கஷ்டம்.

உங்க வண்டியைக் கூட வர்றவங்க ஓட்டுவாங்களா? மனைவியோ நண்பரோ அந்தப் பெரிய பிக்கப்பை ராத்திரியில் மலைப்பாதையில் இறக்குவாங்களா? வாங்குறதுக்கு முன்னாடி அவங்களை டெஸ்ட் டிரைவுக்கு உட்கார வையுங்க. அவங்களுக்குப் பிடிக்காத வண்டி உங்களுக்கும் வேண்டாம்.

16/
அடிபட்டவர் காலை நீட்டி உட்கார ஒரு பின்சீட்டும் வேணும். ரெண்டு சீட் மட்டும் உள்ள சிங்கிள் கேபில் அது முடியாது. அதனால அந்த வண்டியில் மட்டும் தனியா போகாதீங்க.

தலையில் அடிபட்டு எழுந்து "ஒண்ணுமில்ல"ன்னு சொல்றவரைத் தனியா தூங்க விடாதீங்க. தலைவலி கூடிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு. இதுல எது வந்தாலும் டென்ட்டை அப்படியே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

17/
சரி டாக்டர், முடிவா என்ன வாங்கலாம்?

வருஷத்துக்கு நாலஞ்சு தடவை போறவர்: எதுவும் வாங்க வேண்டாம். குடும்பம் உங்க காரில், பைக் வாடகைக் குட்டி யானையில். காரில் பின்சீட் இருக்கு, குட்டி யானைக்கு டிரைவர் இருக்கார். என் மூணு கேள்விக்கும் பதில் முடிஞ்சது.

மாசாமாசம் போறவர்: டபுள் கேப் பிக்கப். ஆனா எடைக் கணக்கும் பின்கதவுக் கணக்கும் போட்டுப் பார்த்துட்டு.

நண்பர்கள் மூணு பேர், மூணு பைக்: பொலேரோ பிக்கப் மாதிரி நீளத் தொட்டி வண்டி ஒண்ணு, கூடவே ஒரு கார். மஞ்சள் போர்டு வண்டின்னா எஃப்சி செலவையும் சேர்த்துக்கோங்க.

18/
ஏத்தும்போதும் காயம் படுது. ரேம்ப் பலகை நழுவி, பைக் காலில் விழுந்து வர்றவங்க உண்டு. ரேம்ப்பைத் தொட்டியோட பெல்ட் போட்டுக் கட்டுங்க. ரெண்டு பேர் சேர்ந்து தள்ளுங்க. செருப்போட ஏத்தாதீங்க. பைக்கை நிமிர்த்தி நிறுத்தி, நாலு மூலையிலும் ராட்செட் பெல்ட் போட்டு இழுங்க. பெட்ரோல் டேப் இருந்தா மூடுங்க. பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி பெல்ட்டை மறுபடி இறுக்குங்க.

பசங்களைத் தொட்டியில் உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. "பக்கத்துலதானே"ன்னு சொல்றது எங்க காதுக்குப் பழகின வார்த்தை. அது சரக்கு ஏத்துற இடம்.

காப்புக்காட்டுக்குள்ள பைக்கும் வேண்டாம், டென்ட்டும் வேண்டாம். அனுமதி வாங்கின தனியார் இடமா பாருங்க.

19/
அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். கேட்டுட்டு, "அப்போ லோன் போட வேண்டாமா டாக்டர்?"னார்.

"எடைக் கணக்கு எழுதிப் பாருங்க. வீட்டம்மாவை டெஸ்ட் டிரைவ் பண்ணச் சொல்லுங்க. அப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா வாங்கிக்கோங்க"ன்னேன்.

காட்டு ஓரமா ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் மண்ணுல பைக் ஓட்டுறது பெரிய சந்தோஷம். அதை வேண்டாம்னு நான் சொல்லல. ஞாயிறு ராத்திரி எல்லோரும் முழுசா வீடு வந்து சேரணும். அதுக்கு ஏத்த வண்டியைப் பாருங்க.

டர்ட் பைக் ஓட்டுற நண்பர் யாராவது இருந்தா இதை அவருக்கு அனுப்புங்க. அவர் வீட்டுக்காரங்களுக்கும் அனுப்புங்க.