எதை மாற்றினால் எடிட்டிங் ஓடும்? கடைக்குப் போகும் முன் படியுங்கள்



பாடசாலையில் தகவல் தொழினுட்பப் பாடமும் ஊடகக் கழகமும் எமது பொறுப்பில் இருப்பதால் ஒரு கேள்வி வாரம் ஒரு தடவையாவது எம்மிடம் வருகிறது. "சேர், எடிட் பண்ணக்குள்ள கொம்பியூட்டர் இழுக்குது. ரெம் கூட்டினா சரி வருமா?"

கேட்பவர்களில் பலர் பாதி முடிவோடுதான் வருகிறார்கள். கடையில் ஒருவர் ஒன்றைச் சொல்லியிருப்பார், யூடியூப்பில் இன்னொருவர் வேறொன்றைச் சொல்லியிருப்பார். சில வீடுகளில் உம்மாவின் காப்பு அடகுக்குப் போகத் தயாராக இருக்கிறது. இப்போது பழைய மாணவர் சங்கத்திடமும் ஊடகக் கழகத்துக்கு ஒரு "எடிட்டிங் மெஷின்" வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ஊர்ப் பணமும் வீட்டு நகையும் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் எமது கருத்தை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சுருக்கமான பதில். பாகங்களை மாற்றினால் எடிட்டிங் வேகமாகும், உண்மைதான். ஆனால் உங்கள் வேலை எந்தப் பாகத்துக்காகக் காத்துக்கிடக்கிறதோ, அதை மாற்றினால் மட்டும்தான் வேகமாகும். மற்ற எதை மாற்றினாலும் காசு போகும், வேகம் வராது.

கலியாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். பத்துக் கிடாரம் சோறு ஆக வேண்டும், அடுப்போ இரண்டுதான். வெங்காயம் வெட்ட இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வந்தால் சஹன் நேரத்துக்கு வருமா? வராது. அடுப்பைத்தான் கூட்ட வேண்டும். கணினியும் அப்படித்தான்.

ரெம்மிலிருந்து தொடங்குவோம். ரெம் என்பது வேலை செய்யும் மேசை. மேசை சிறிதாக இருந்தால் பொருட்களை அடிக்கடி அலுமாரியில் வைத்து எடுக்க வேண்டிவரும், வேலை தடைப்படும். 8 ஜீபி ரெம்மில் ப்ரீமியர் ப்ரோவையும் திறந்து, பத்து டெப்புடன் குரோமையும் திறந்து வைத்திருப்பவருக்கு 16 ஜீபி பெரிய நிம்மதி தரும். ஆனால் உங்கள் வேலைக்கு 12 ஜீபிதான் தேவைப்படுகிறது என்றால், 16ஐ 32 ஆக்குவதால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. மேசை பெரிதானால் கை வேகமாக ஓடாது.

அடுத்தது எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டதும் கணினி சட்டென்று திறக்கும், மென்பொருள் சீக்கிரம் வரும், கோப்புகள் விரைவாகப் பிரதியாகும். பழைய மெஷினுக்கு நாம் முதலில் சிபாரிசு செய்வதும் இதைத்தான். ஆனால் "எக்ஸ்போர்ட் நேரம் பாதியாகும்" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஐபோனில் 4கே, 30 பிரேம், எச்.265 முறையில் எடுத்த ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 170 எம்பி. அதாவது செக்கனுக்கு 3 எம்பி கூட இல்லை. நல்ல நிலையில் உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கே செக்கனுக்கு 100 எம்பி அளவில் தொடர்ச்சியாக வாசிக்கும். நாலைந்து கமராக் காட்சிகளை ஒன்றாக ஓட்டினால் ஹார்ட் டிஸ்க் தடுமாறும். ஒற்றைக் காட்சி ஓடும்போது சிக்குகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் வேறு.

யார் அந்தக் குற்றவாளி? எச்.264, எச்.265 என்ற முறைகளில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாகப் பதிவாவதில்லை. ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, பின்வரும் பிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் பதிவார்கள். அதனால்தான் கோப்பு சிறிதாக இருக்கிறது. எடிட் செய்பவர் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த ஒரு பிரேமைக் காட்ட முன்னுள்ள பல பிரேம்களைக் கணினி அவிழ்த்தாக வேண்டும். இந்த அவிழ்ப்பு வேலைக்கென்றே ப்ரொசெசருக்குள்ளும் கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் தனிப் பகுதி இருக்கிறது. இன்டெல் அதைக் குவிக் சின்க் என்று 2011இலிருந்து தருகிறது. உங்கள் கமராவின் பதிவு முறையை அந்தப் பகுதி அறிந்திருந்தால் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். அறியாவிட்டால் எத்தனை ஜீபி ரெம் போட்டாலும் சிக்கும்.

இன்டெல்லின் நான்காம் தலைமுறை ப்ரொசெசர் உள்ள லெப்டொப்கள் இன்னும் ஊரில் ஓடுகின்றன. எச்.265ஐ முழுமையாக அவிழ்க்கும் பகுதி ஆறாம் தலைமுறையில்தான் வந்தது, 10 பிட் எச்.265க்கு ஏழாம் தலைமுறை வேண்டும். புதிய போனில் எடுத்த காட்சி அந்தப் பழைய லெப்டொப்பில் திணறுவது இதனால்தான்.

கடையில் ஏமாற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, இன்டெல் ப்ரொசெசரின் பெயர் "எஃப்" என்று முடிந்தால் (ஐ5-12400எஃப் போல) அதில் உள்ளக கிராபிக்ஸ் இல்லை, குவிக் சின்க்கும் இல்லை. கொஞ்சம் விலை குறைவு என்று கேம் விளையாடுபவர் வாங்கலாம், எடிட் செய்பவர் யோசிக்க வேண்டும். இரண்டு, இன்றைய நல்ல கமராக்கள் பல 4:2:2 10 பிட் என்ற முறையில் பதிகின்றன. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 30, 40 வரிசைக் கார்டுகளுக்கு அதை நேரடியாக அவிழ்க்கத் தெரியாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆனால் உள்ளக கிராபிக்ஸ் கொண்ட பதினோராம் தலைமுறை இன்டெல் ப்ரொசெசரே எச்.265இல் அதைச் செய்யும். பெரும் காசு கொடுத்து வாங்கிய கார்ட் சும்மா இருக்க, சாதாரண ப்ரொசெசர் வேலையை முடிக்கிறது. விலையை மட்டும் பார்த்து வேகத்தைத் தீர்மானிக்க முடியாது.

கிராபிக்ஸ் கார்ட் பிரயோசனம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. நிறம் திருத்துவது, காட்சியை மங்கலாக்குவது, நொய்ஸ் குறைப்பது போன்ற வேலைகள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. டாவின்சி ரிசோல்வ் பாவிப்பவருக்கு நல்ல கார்ட் மிக அவசியம். வெறும் வெட்டு, ஒட்டு, பாடல், எழுத்து என்று வேலை செய்பவருக்கு அவ்வளவு அவசியம் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1967இல் ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியியலாளர் முன்வைத்த வாதம் இன்றும் பொருந்தும். ஒரு வீடியோ எக்ஸ்போர்ட் ஆக 60 நிமிடம் எடுக்கிறது, அதில் 15 நிமிடம்தான் கிராபிக்ஸ் கார்டின் வேலை என்று வையுங்கள். உலகிலேயே சிறந்த கார்டைப் போட்டு அந்த 15ஐப் பூச்சியமாக்கினாலும் 45 நிமிடம் மிஞ்சும். அந்த 45ஐ யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் காசைக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

பாகம் எதையும் மாற்றாமலே வேகம் வந்த கதையும் உண்டு. 2020 மே மாதம் ப்ரீமியர் ப்ரோவின் புதிய பதிப்பு, என்விடியா, ஏ.எம்.டி. கார்டுகளைக் கொண்டு எச்.264, எச்.265 எக்ஸ்போர்ட் செய்யும் வசதியைத் தந்தது. அத்தகைய கார்ட் ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கு அதே மெஷினில் எக்ஸ்போர்ட் நேரம் பெரிதும் குறைந்தது. இன்றும் எக்ஸ்போர்ட் பக்கத்தில் "ஹார்ட்வெயார் என்கோடிங்" தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமலே மெஷினைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே காசு செலவழிக்கும் முன், செலவில்லாதவற்றைச் செய்து பாருங்கள்.

ப்ரொக்சி செய்யுங்கள். 4கே காட்சிகளுக்குச் சிறிய பிரதிகளை உருவாக்கி, அவற்றில் எடிட் செய்து, கடைசியில் அசலிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும் முறை இது. பழைய லெப்டொப்புக்கு உயிர் கொடுப்பது இதுதான். ப்ரொக்சி உருவாக நேரம் எடுக்கும், இரவில் விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

முன்னோட்டத் தரத்தை அரைவாசி, கால்வாசி என்று குறையுங்கள். இறுதி வீடியோவின் தரம் இதனால் குறையாது.

போன் வீடியோக்களில் பிரேம் வேகம் இடைக்கிடை மாறும். சத்தமும் வாயும் பொருந்தாமல் போவதற்கு இது முக்கிய காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

லெப்டொப்பின் தூசியைத் தட்டுங்கள், சார்ஜரைச் செருகியே வேலை செய்யுங்கள், மெத்தையில் வைக்காதீர்கள். சூடு ஏறினால் ப்ரொசெசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். நமது வெக்கைக்கு இது சாதாரணம்.

பிறகு பரிசோதனை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜரில் பெர்போமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாகச் சிக்கும் அதே இடத்தை எடிட் செய்யுங்கள். மெமரி நிரம்பி வழிகிறதா? ரெம் வாங்குங்கள். டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறதா? மெமரி நிரம்பாமலே அப்படி என்றால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். சீ.பி.யூ. உச்சத்தில், ஜீ.பி.யூ.வின் "வீடியோ டிகோட்" பூச்சியத்தில் இருக்கிறதா? அவிழ்ப்பு வேலை முழுதும் ப்ரொசெசரின் தலையில் விழுந்திருக்கிறது, ரெம் வாங்கி ஒன்றும் ஆகாது. பத்து நிமிட வேலை, காசு இல்லை.

"நேரமும் காசுதானே, பழசோடு மல்லுக்கட்டுவதை விடப் புதிசை வாங்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு இரண்டு மூன்று கலியாணம் எடுத்து, சொன்ன திகதிக்குக் கொடுக்க முடியாமல் தவிக்கும் தொழிலாளிக்குப் புதிய மெஷின் ஒரு முதலீடு. அவர் வாங்கட்டும். பரீட்சை எழுதிவிட்டு மாதம் ஒரு வீடியோ செய்யும் பிள்ளைக்கு அது கடன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதையும், 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதையும் நாம் எல்லோரும் அனுபவித்தோம். இறக்குமதிப் பொருளில் தவறான தெரிவு செய்தால் அதைத் திருத்துவது இலேசில்லை.

பழைய மாணவர் சங்கத்துக்கும் எமது வேண்டுகோள் ஒன்றுதான். ஊடகக் கழகத்துக்கு உதவ நினைப்பது பெரிய விடயம், நன்றி. ஆனால் எங்களிடமே முதலில் கேளுங்கள்: இப்போதுள்ள கணினியில் ப்ரொக்சி செய்து பார்த்தீர்களா, டாஸ்க் மெனேஜர் என்ன காட்டியது, எந்தப் பாகம் தடை? ஒரு பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். அந்தப் பக்கம் வராமல் ஒரு சதமும் தர வேண்டாம். எங்கள் கணிப்பில் ஒரு எஸ்.எஸ்.டி.யும் ஒரு ரெம்மும் போதுமாகலாம். மிஞ்சும் காசில் ஒரு நல்ல மைக் வாங்கலாம். பிள்ளைகள் எடுக்கும் வீடியோக்களில் படம் நன்றாக இருக்கிறது, பேச்சுத்தான் கேட்பதில்லை.

தம்பி தங்கைகளே, கடைக்குப் போகும் முன் லெப்டொப்பையும், சிக்கும் அந்த வீடியோவையும் பாடசாலை விட்ட பிறகு கணினி ஆய்வுகூடத்துக்கு எடுத்து வாருங்கள். ஊடகக் கழகப் பிள்ளைகளும் நாமும் சேர்ந்து பார்ப்போம். எது தடை என்று தெரிந்த பிறகு வாங்குவதா வேண்டாமா என்று வாப்பாவிடம் பேசலாம். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள்.